மக்கரோனி வளைவு

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். தில்வாவின் கை மட்டும் மக்கரோனியை அள்ளிக்கொண்டு பாத்திரத்துக்கு மேலே அப்படியே நிற்கும். மலையிலிருந்து கார் இறங்கி வரும் சத்தம் கேட்க வேண்டும். அது மட்டும் போதாது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிற வளைவில் அந்தக் கார் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற வேண்டும். கிளச்சை மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துப் போடுவான் அவள் புருஷன் நேரியோ. ஒரு சின்ன உறுமல் கேட்கும், கியர் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். உடனே மக்கரோனி தொப்பென்று தண்ணீரில் விழும்.

அவன் காரைத் தொழிற்சாலை வாசலில் ஒப்படைத்துவிட்டு, பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு வீடு வந்து சேரவும், மக்கரோனி வெந்து வடிக்கவும் சரியாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. எதற்கு இந்தக் கூத்து, கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அப்படிக் கேட்பவர்களை யாரும் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அக்கம்பக்கத்துப் பெண்களும் அதற்கே பழகிவிட்டார்கள். நேரியோ கியர் மாற்றினால் தெரு முழுக்க மக்கரோனி தண்ணீரில் விழும். தேவாலய மணி முன்னே பின்னே அடிக்கும், நேரியோ தவற மாட்டான் என்பாள் தபால்காரி அஃப்ரா. அந்த இடத்துக்கு மக்கரோனி வளைவு என்றே பெயர் வந்துவிட்டது.

பர்தெல்லி தொழிற்சாலையிலிருந்து ஒரு கார் வாங்க வேண்டுமென்றால் பெரிய பணக்காரனே வருடக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். கிடைத்ததும் அதைத் தடவிக் கொடுப்பான், வேறு எவன் கையும் பட்டதில்லை என்று பெருமை அடித்துக்கொள்வான். பாவம். அவனுக்கு முன்னால் நேரியோ அதை மலைக்கு ஓட்டிக்கொண்டு போய், சுற்றி வந்து, அதன் வாயில் வந்ததை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பியிருப்பான். காரின் மூக்கில் கல் படாமல் இருக்க நாடா ஒட்டி, பின்னால் சோதனை வண்டி என்ற அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, ஊர்ச் சாலையிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். இத்தாலியில் மொதேனா பக்கத்தில் எல்லாக் கார் தொழிற்சாலையிலும் அப்போது அப்படித்தான். நேரியோ சரி என்று தலையாட்டினால்தான் கார் வெளியே போகும்.

இதெல்லாம் அந்த வசந்த காலம் வரைக்கும்.

ஏப்ரலில் ஒரு நாள். தண்ணீர் கொதிக்கிறது, கார் இறங்கி வருகிறது, தில்வாவின் கை தயாராக நிற்கிறது. வளைவில் கர்ரக்கென்று ஒரு சத்தம். பல்லும் பல்லும் கடித்துக்கொண்ட மாதிரி உரசி, அதற்கப்புறம்தான் கியர் விழுந்தது. தில்வா முகத்தைச் சுளித்தாள். எவனோ புதிதாகச் சேர்ந்தவன் போலிருக்கிறது, நேரியோ இவனை என்ன பேச்சுப் பேசப் போகிறானோ என்று நினைத்துக்கொண்டு, அடுத்த காருக்காகக் காத்திருந்தாள். அடுத்த கார் வரவில்லை. மொபெட்தான் வந்தது.

"என்னடி, அடுப்பு வேலை நிறுத்தமா?" நேரியோ காலித் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "தொழிற்சங்கத்துல சொல்லாம நீயே ஆரம்பிச்சுட்டியா?"

"கீழ போனது நீயா?"

"பின்ன, போப்பாண்டவரா?"

"கியர் உரசிச்சே."

அவன் சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. அப்புறம் கைகழுவப் போகிற சாக்கில் திரும்பிக்கொண்டான். "புது கியர்பாக்ஸ். எண்ணெய் இன்னும் சூடாகல."

காலையிலிருந்து மலை ஏறி இறங்கிய காரில் எண்ணெய் சூடாகவில்லையாம். சோதனை ஓட்டுநர் பெண்டாட்டியிடம் சொல்கிற பொய்யா இது?

மறுநாளும் உரசியது. அதற்கடுத்த நாள் சுத்தமாக விழுந்தது, அப்பாடா என்று மூச்சு விட்டாள். திரும்பவும் உரசியது. இப்போது மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. வானொலியைச் சுவர் அதிர வைக்கிறான். மதுக்கடையில் சீட்டாட்டத்தில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து, எல்லார் வாயும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறான். அவள் பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, உதட்டைப் பார்க்கிறான். இத்தனை வயதுக்கு மேல் இந்த மனுஷனுக்கு என் உதட்டின்மேல் ஆசை வந்துவிட்டது என்று அவள் வெட்கப்பட்டுக்கூட இருந்தாள். அதை நினைத்தால் அவளுக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். தில்வா அவனுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்றாள்.

"நேரியோ, எங்கம்மா நம்ம கூடவே வந்து தங்கப் போறாளாம். காலம் பூரா."

இந்த ஒரு வார்த்தைக்கு அவன் செத்துக் கிடந்தாலும் எழுந்து உட்கார வேண்டும். அவன் குச்சியை மண்ணில் அழுத்தினான். கயிற்றைக் கடித்து அறுத்தான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்தான். தில்வா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவன் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டாள். "எத்தனை நாளா இப்படி?"

முதலில் கத்தினான். காதில் அழுக்கு என்றான். இந்த வீட்டில் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லாரும் முணுமுணுக்கிறீர்கள் என்றான். எல்லாரும் என்று சொல்ல அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யார் இருக்கிறார்கள்? பிறகு கோபம் அடங்கி, உட்கார்ந்தபடியே சின்னவனாகிவிட்டான்.

"போன குளிர்காலத்துலேர்ந்து. முதல்ல மெல்லிசான சத்தமெல்லாம் போச்சு. அப்புறம் குருவி. இப்ப இன்ஜினே எங்கேயோ பக்கத்துத் தெருவுல ஓடற மாதிரி இருக்கு."

"எர்மெஸ்கிட்ட சொல்லிடு." எர்மெஸ்தான் சோதனை ஓட்டுநர்களுக்கெல்லாம் தலைவன். நேரியோவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், அவர்கள் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்.

"சொன்னா?" நேரியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "காது கேக்காதவனைக் காருல உக்கார வைப்பாங்களா? தில்வா, கேளு. இன்ஜின் சுத்தற வேகத்தைக் காட்டற முள் இருக்கில்ல, அதைப் பார்த்துக் கியர் போட்டுடறேன். மத்த கோளாறெல்லாம் முதுகுக்குத் தெரியுது, உள்ளங்கைக்குத் தெரியுது. போன வாரம் எர்மெஸ் பக்கத்துல உக்காந்து வந்தான். மலை மேல போயிட்டு, இந்தப் பக்கம் வராம, தொழிற்சாலைப் பின்வாசல் வழியா உள்ள கொண்டு போனேன். ஒண்ணும் கண்டுபிடிக்கல. சுத்தமா ஓட்டறேன்னு முதுகுல தட்டினான்."

"முள்ளைப் பார்த்தா ரோட்டை யாரு பார்க்கறது?"

"புது மாடல் மட்டும் வெளியே போயிடட்டும்." அவன் அவள் கையை விடவில்லை. "அதுக்கு உடம்பு வெறும் தகரமா இருந்தப்பலேர்ந்து நான்தான் ஓட்டறேன். ஸ்டியரிங் இவ்வளவு கனம் வேணாம்னு சொன்னது நான். இலையுதிர் காலத்துல முதல் வண்டி போகுது. அதுக்கு நான் தலையாட்டணும். அப்புறம் நானே போய்ச் சொல்லிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"விட மாட்டேன்," என்றாள் தில்வா. வேறென்ன சொல்வாள்? அவனிடம் அந்தக் காரைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. பிள்ளை குட்டி கிடையாது. தேவாலயத்துப் பக்கம் போக மாட்டான். சீட்டாட்டத்தில் எப்போதும் தோற்பான்.

கோடை முழுக்க அவள் ஜன்னலில் நின்றாள். முன்பெல்லாம் அடுப்படியில் நின்றே கேட்பாள். இப்போது கார் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, எங்கே கவிழ்ந்து வருகிறதோ என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் கீழேயிருந்து தலையைத் தூக்கி ஒரு நொடி பார்ப்பான். கர்ரக். பார்த்தபடியே போய்விடுவான். சில நாள் அவள் முன்கூட்டியே மக்கரோனியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

அக்டோபரில் பனி இறங்கியது. அந்தப் பக்கத்துப் பனி கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் தள்ளிக்கொண்டு அஃப்ரா உள்ளே வந்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்கையில் ரத்தம்.

"உன் புருஷன் என்னைக் கொல்லப் பார்த்தான் தில்வா!"

"என்னடி சொல்றே?"

"ஆலைச் சந்து முனையில சைக்கிள் மணி அடிச்சுட்டுத் திரும்பறேன். சும்மா இல்ல, விடாம அடிச்சேன். மணி கேட்டா நேரியோ எப்பவும் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துடுவான், சின்னப் புள்ளைக்கும் தெரியும். இவன் எடுக்கல. கத்தினேன். என் தொண்டை உனக்குத் தெரியுமில்ல? அப்படிக் கத்தினேன். சைக்கிளோட பள்ளத்துல குதிச்சேனோ, பொழைச்சேன். நின்னுகூடப் பார்க்கல, படுபாவி. போயிட்டான்." அஃப்ரா மூக்கைச் சிந்தினாள். "என்ன ஆச்சு அவனுக்கு? அவன் இப்படிப்பட்டவன் இல்லையே."

தில்வா அவள் முழங்கையைக் கழுவிக் கட்டுப் போட்டாள். ஒரு கிண்ணம் ஒயின் கொடுத்து, தன் செருப்பைக் கொடுத்து, பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தாள்.

நேரியோ வந்தான். கையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்து, தட்டில் பாலாடைக்கட்டியைத் தாராளமாகத் துருவிப் போட்டுக்கொண்டான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான். அடுத்த வாரம் புது மாடலின் முதல் வண்டி தயாராகிவிடும்.

"என்னா பனி!" என்றான். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. ரோட்டுல ஈ காக்கா இல்ல."

தில்வாவுக்குக் கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவன் நிமிரவில்லை.

மறுநாள் காலையில் கூட்டுறவுக் கடையில் எர்மெஸ் பன்றி இறைச்சி வாங்க வரிசையில் நின்றிருந்தான். தில்வா அவன் பின்னால் போய் நின்றாள். எர்மெஸ் தொப்பியை எடுத்து, "என்னம்மா, எங்க நேரியோவை இப்படிக் கொழுக்க வச்சா வண்டி எப்படி இழுக்கும்?" என்று கேலி பண்ணினான். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

"கியர் உரசுது, எர்மெஸ்," என்றாள் மெதுவாக.

"எங்கே?"

"எங்க வீட்டு வளைவுல."

அவ்வளவுதான். வேறு எதுவும் அவள் சொல்லவில்லை. அந்த ஊரில் அதற்கு மேல் சொல்லவும் வேண்டியதில்லை. நேரியோவின் கியர் உரசுகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. எர்மெஸ் தன் முறை வந்ததைக்கூடக் கவனிக்காமல் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான்.

"நீ சொன்னதா யாருக்கும் தெரியாது," என்றான் கடைசியில்.

தொழிற்சாலையில் எல்லா ஓட்டுநர்களுக்கும் திடீரென்று மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். எல்லாருக்கும் என்றுதான் அறிவிப்பு. ஆனால் மருத்துவர் நேரியோவின் காதில்தான் அதிக நேரம் செலவழித்தார். அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள். புது மாடலின் முதல் வண்டியை லோரிஸ் என்ற இளைஞன் மலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அதற்குத் தலையாட்டியதும் அவன்தான். நேரியோவுக்கு வாசல் காவல் வேலை தருகிறேன் என்றான் எர்மெஸ், கண் கலங்க. கார்கள் போகும்போது கதவைத் திறந்து விடுகிற வேலை. நேரியோ வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான்.

"எவனோ போட்டுக் கொடுத்திருக்கான்," என்றான் முதல் நாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லித் திட்டினான். லோரிஸைத் திட்டினான், சீட்டாடுகிற கூட்டத்தைத் திட்டினான். தில்வா தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே கழுவிய தட்டை.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவன் திட்டுவதை நிறுத்திவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலையே வெகு நேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். எழுந்து நாற்காலியைத் தூக்கி, ஜன்னலுக்கு முதுகு தெரியும்படி போட்டு உட்கார்ந்தான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், தட்டை எடுத்து வீசியிருந்தால் பொறுக்கிப் போட்டிருப்பாள். அவன் அன்றிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வான்.

தெருவிலும் எல்லாம் தாறுமாறாகப் போயிற்று. ஒரு வீட்டில் மக்கரோனி குழைந்தது, ஒரு வீட்டில் நறுக்கென்று நின்றது. லோரிஸ் நல்லவன்தான். அந்த வளைவைத் தாண்டும்போது சத்தம் காட்டாமல் மூன்றாவதிலேயே பதுங்கிப் போய்விடுவான். அவர்கள் வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவனுக்குப் பயம். கேட்கிற காது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் இருக்கிறது என்று அவனுக்கு யார் போய்ச் சொல்வது?

மார்ச் மாதத்தில், வெயில் நன்றாக அடித்த ஒரு நாள். தில்வா தண்ணீர் வைத்திருந்தாள். மேஜையில் நேரியோ வழக்கம் போல ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒயின் கிளாஸுக்குப் பக்கத்தில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மலையிலிருந்து கார் இறங்கியது. லோரிஸ் அன்று மறந்துவிட்டானோ, இல்லை அந்தக் கார்தான் அவனை அப்படிப் போட வைத்ததோ தெரியவில்லை. வளைவில் கிளச்சை மிதித்தான், ஒரு தட்டுத் தட்டினான், மறுபடி மிதித்தான். ஒரு சின்ன உறுமல். கியர் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

தில்வாவின் கை அவளைக் கேட்கவில்லை. மக்கரோனியை அள்ளித் தொப்பென்று தண்ணீரில் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வர வேண்டியவன் எங்கும் போகவில்லை, பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். பதறிப்போய்த் திரும்பினாள்.

நேரியோ அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு?" என்றான். மாதக்கணக்கில் பேசாத குரல், துருப்பிடித்துப் போயிருந்தது.

"லோரிஸ்!" அவள் கிட்டே வந்து கத்தினாள்.

"எப்படிப் போட்டான்?"

தில்வா அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷன் சந்தோஷப்பட அவளிடம் கொடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? "உரசிச்சு!" என்று கத்தினாள். "கர்ருனு உரசிச்சு! கழுதை! அவனுக்கெல்லாம் கியர் போடத் தெரியுமா?"

அவன் சிரிக்கவில்லை. விரித்து வைத்த கையை மேஜையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"இல்ல," என்றான். "சுத்தமா விழுந்துச்சு. இந்தக் கிளாஸு துள்ளவே இல்ல. என் கை இன்னும் செவிடாகல, தில்வா." கிளாஸை ஒரு விரலால் தள்ளி வைத்தான். "எர்மெஸ்கிட்டயும் இப்படித்தான் கத்திச் சொன்னியா?"

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். "மெதுவா," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன்," என்றான் நேரியோ. "மலை பூரா எத்தனையோ வளைவு. எல்லாத்துலயும் முள்ளைப் பார்த்தேன், ஒண்ணுலகூட உரசல. எவனும் குத்தம் சொல்லியிருக்க முடியாது. இந்த ஒரு வளைவுல மட்டும்தான் நான் முள்ளைப் பார்க்கல." அவன் திரும்பாமலே கட்டைவிரலால் பின்பக்கம் ஜன்னலைக் காட்டினான். "அங்க நீ நிக்கறியான்னு பார்த்தேன்."

தில்வா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்ல உனக்கு வராதுன்னு நினைச்சேன்," என்றான் அவன். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "இன்னிக்கு எவ்வளவு நல்லா வருது! அன்னிக்கு எனக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம்ல? இல்ல, வாயைத் திறக்காமயாவது இருந்திருக்கலாம்ல?"

பாத்திரம் பொங்கி அடுப்பில் வழிந்து உஸ்ஸென்றது. தில்வா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தீயைக் குறைத்து, கரண்டியால் கிளறினாள்.

"அன்னிக்கு ரோட்டுல ஈ காக்கா இல்லேன்னியே," என்றாள், பாத்திரத்தைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில். "அஃப்ரா இருந்தா. இந்த வீட்டுல உக்காந்து ரத்தத்தைக் கழுவிக்கிட்டுப் போனா. இன்னொரு நாள் நீ அவளைக் கொன்னிருப்பே. இல்ல, செத்திருப்பே. அப்புறம் நான் யாருக்கு மக்கரோனி போடறது?"

அவள் முதுகு குலுங்குவதை அவன் பார்த்தான்.

"என்ன?" என்று கேட்டான். "என்ன சொன்னே?"

தில்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, அவனுக்கு உதடு தெரியும்படி நின்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "வெந்துடுச்சுன்னு சொன்னேன்."